மெக்ரிட்சி நடைக்கு ஜிப் பையா, சுருட்டு வாய்ப் பையா?

சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டுப்பாதையை முழுதாகச் சுற்றிவர ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அதற்கு 20 லிட்டர் பை தாராளம். சிக்கல் அளவில் இல்லை, மழையில்தான்.

ஜிப் பையில் எதையும் சட்டென்று எடுக்கலாம். மழை வந்தால் உறை மாட்டிக்கொள்ளலாம், சரி. ஆனால் அந்த உறை முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்திலிருந்து வழியும் தண்ணீர் நேரே அங்கேதான் இறங்கும். ஒரு டிசம்பர் மழையில் மாற்றுச் சட்டையைப் பிழிந்துதான் போட்டுக்கொண்டேன்.

வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பையில் அந்தத் தொல்லை இல்லை, குறைந்தது மூன்று சுற்று சுருட்டினால். பதிலுக்கு, அடியில் கிடப்பதை எடுக்க மொத்தத்தையும் கொட்ட வேண்டும். அதனால் மாற்றுத்துணி அடியில், 2 லிட்டர் தண்ணீர் (அதுவே 2 கிலோ!) முதுகை ஒட்டி நடுவில், கொசு மருந்து மேலே. முதுகும் நன்றாக வேர்க்கும்.

எந்தப் பையானாலும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் உள்ளேதான் போக வேண்டும். கையில் நெகிழிப் பையைப் பார்த்தால் குரங்குகள் விடாது.

டிசம்பர், ஜனவரியில் நான் எடுப்பது சுருட்டுப் பை. மற்ற மாதங்களில் ஜிப் பை, உள்ளே ஒரு சின்ன நீர்புகா உறையோடு.