பலநாட் படகுக்கு 60 லீற்றர் நீலப் பரல்: வாங்கலாமா?

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாட் படகுகளுக்கு, அகன்ற வாயும் இரும்பு வளையப் பூட்டும் கொண்ட நீலநிறப் பிளாஸ்ரிக் பரல் மிகவும் ஏற்ற பொருள். ஏதோவொரு சரக்கை ஏற்றி வந்து வெறுமையான பரல்கள் பழைய சாமான் கடைகளில் புதியதைவிட மலிவாகக் கிடைக்கின்றன. எங்கள் படகில் உணவு, உடுபுடவை, ஆவணங்கள் ஆகியவற்றுக்கு 60 லீற்றர் அளவுடையவற்றையே பயன்படுத்தி வருகிறோம். தாராளமாக வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆயினும் எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்பதில் கவனம் வேண்டும்.

நான்கைந்து பேர் வாரக்கணக்கில் உண்டு உறங்கும் படகில் ஒழுங்கீனத்தின் முதற் பலி, படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப்தான். சாமான்களைச் சொப்பிங் பையிலும் சாக்கிலும் கட்டிவைத்தால், படகு ஆடும் ஆட்டத்தில் அவை கிழிந்து, அரிசியும் வெங்காயச் சருகும் பைத்துண்டுகளும் பலகை இடுக்கு வழியே அடிப்பகுதிக்கு இறங்கி, அங்கே தேங்கிய நீரோடும் டீசலோடும் கலந்து, பம்பின் உறிஞ்சுவாயில் உள்ள வடிகட்டியில் அப்பிக்கொள்கின்றன. "காக்கா (அண்ணா), பம்ப் இழுக்குதில்ல" என்று நடு இரவில் பொடியன் கூப்பிட்டால், ஒருவர் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டு, ஊறிப் பருத்த அரிசியை விரலால் சுரண்டி எடுக்க வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையை அப்படியே பரலுக்குள் இறக்கி மூடிய பின்னர் இந்த வேலை பெருமளவு ஒழிந்துவிட்டது. மூட்டைக்கு மேல் பருப்பு, மா, தேயிலை, சீனி ஆகியவற்றுக்கும் இடம் மிஞ்சுகிறது. இறுக மூடிய பரல் அவ்வளவு பாரத்துடன் கடலில் விழுந்தாலும் மிதக்கும். கொக்கித் தடியால் பிடித்து இழுத்துக்கொள்ளலாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை இதன் பயன் இன்னும் பெரிது. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு 2015 ஜனவரியில் விதித்து 2016 ஜூனில் நீக்கிய தடைக்குப் பின், பலநாட் படகுகள் மீன்பிடிப் பதிவேட்டை முறையாக எழுதிவர வேண்டும் என்பது இறுக்கமாக வலியுறுத்தப்படுகிறது. மை கரைந்து தாள்கள் ஒட்டிப்போன பதிவேட்டை யாரிடமும் காட்ட முடியாது. பதிவேடு, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டைகள் ஆகியவற்றைத் தடித்த பையில் இட்டு ஒரே பரலில் வைத்தால், புறப்படும் நேரத்துத் தேடலும் இல்லை.

குறைகளும் உள்ளன. முதலாவது, அந்த இரும்பு வளையம். அதை இறுக்கிப் பூட்டும் நெம்புகோலின் மூட்டும் தறையாணிகளும் உப்புக்காற்றில் விரைவாகத் துருவேறி இறுகிவிடுகின்றன. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் நன்னீரால் கழுவி, துடைத்து, மூட்டில் கிறீஸ் பூசாவிட்டால் சுத்தியல் கொண்டுதான் திறக்க நேரும். திருகுமூடிப் பரலில் துருத் தொல்லை இல்லை. ஆனால் புரியில் உப்பு படிந்தால் ஈரக்கைக்கு அது அசையாது. இரண்டிலும் வளையப் பூட்டையே நான் விரும்புகிறேன். அடுத்தது, உருளை வடிவம் இடத்தை வீணாக்குகிறது; கட்டாமல் விட்டால் உருண்டு படுத்திருப்பவரின் காலில் இடிக்கும். சுவரோரம் நிறுத்தி, நடுவில் சுற்றிக் கயிற்றால் வரிந்து, இடைவெளிகளில் சுருட்டிய கயிறுகளைச் செருகினால் இக்குறை பாதி தீரும். ஈர உடுப்பை மட்டும் உள்ளே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத இடத்தில் அது இரண்டொரு நாளில் பூஞ்சணம் பிடித்து, பக்கத்தில் உள்ள காய்ந்த உடுப்பையும் நாறடித்துவிடும்.

பரல் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் அதனுள் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்குப் படகு துப்புரவாகத்தான் இருக்கும். ஆனால் உயிர்காப்பு அங்கி, அபாயச் சமிக்ஞை வெடி, ரோச், கத்தி, முதலுதவிப் பெட்டி ஆகியவை இருட்டில் கை நீட்டினால் அகப்படும் இடத்தில், எப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். மூடியைத் திறந்து, அரிசி மூட்டையைத் தூக்கி, அடியில் தேடிக்கொண்டிருக்க அந்த நேரத்தில் அவகாசம் இராது.

கடையில் தெரிவுசெய்யும்போது முதலில் முகர்ந்து பாருங்கள். இந்தப் பிளாஸ்ரிக் முன்பிருந்த பொருளின் மணத்தையும், சில இரசாயனங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும்; எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் அது முழுமையாகப் போகாது. முன்பு என்ன இருந்தது என்று காட்டும் சுட்டி கிழிக்கப்பட்டிருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அதை உணவுக்கு எடுக்க வேண்டாம். உடுப்புக்கும் கயிற்றுக்கும் போதும். பிறகு கால்வாசி நீர் ஊற்றிப் பூட்டி, காய்ந்த சீமெந்துத் தரையில் தலைகீழாக நிறுத்திச் சற்று நேரம் பொறுத்துப் பாருங்கள். தரை நனைந்தால் மூடியின் றப்பர் வளையம் பழுது. நல்ல வளையம் ஒன்றை மாற்றித் தரும்படி அங்கேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். விலை வித்தியாசம் குறைவு என்று 120 லீற்றர்ப் பரலுக்கு ஆசைப்படாதீர்கள். நிரம்பிய பின் அதை ஆடும் தளத்தில் இருவர் சேர்ந்து நகர்த்துவதே பெரும்பாடு. சிறியது இரண்டாக எடுப்பதே வசதி.