இருவர் மட்டும் ஓட்டும் படகு: ஹால்பெர்க்-ராஸி 352-இல் அட்லாண்டிக் கடந்த அனுபவம்

நீண்ட கடற்பயணத்துக்குப் பாய்மரப் படகு தேடும் தம்பதிகள் பெரும்பாலும் நீளத்தையும் படுக்கை வசதியையும் பார்த்துத் தொடங்குகிறார்கள். நாங்கள் தொடங்கியது என் கை வலுவிலிருந்து. கடலில் இரவு முழுக்க ஒருவர் காவல் இருப்பார், மற்றவர் தூங்குவார். அந்த நேரத்தில் காற்று ஏறினால் கணவரை எழுப்பாமல் நானே பாயைச் சுருக்க வேண்டும். நங்கூரத்தை நானே ஏற்ற வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் நானே மேலே தூக்க வேண்டும். இந்த மூன்றும் என்னால் முடியாத படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று முதலிலேயே பேசி முடித்தோம்.

அந்த ஒரு முடிவே நாற்பது அடிக்கு மேற்பட்ட படகுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பாயின் பரப்பு கூடக் கூட அதை இழுத்துக் கட்டும் பாரமும் கூடும். கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச் நின்றுபோனால் அந்தப் பாரம் அப்படியே என் தோளுக்கு வரும். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தென்கரை என்பதால் கான்டெஸ்ஸா 32 படகுகளை நிறையப் பார்த்தோம். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் புயல் சிதறடித்தபோது, மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் பந்தயத்தை முடித்த ஒரே படகு ஒரு கான்டெஸ்ஸா 32. அதன் கடல்திறனில் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் உள்ளே மிகக் குறுகல். மாதக்கணக்கில் இருவர் குடியிருக்கவும், அரிசி பருப்போடு உதிரி பாகங்களை அடுக்கவும் அதில் இடம் போதாது.

கடைசியில் வாங்கியது ஹால்பெர்க்-ராஸி 352. சுவீடனின் ஓருஸ்ட் தீவில் உள்ள எல்லோஸ் ஊரில், 1978 முதல் 1991 வரை, 802 படகுகள் இந்த மாடலில் கட்டப்பட்டன. நீளம் பத்தரை மீட்டர், எடை ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. படகை ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டுக்கு முன்னால் நிலையான கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. குளிர்ந்த மழையில் மூன்று மணி நேரம் காவல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சுக்கானுக்கு முன்னால் ஸ்கெக் என்ற தாங்கி இருப்பதால், மிதக்கும் மரக்கட்டையோ வலையோ நேராகச் சுக்கானில் மோதாது.

பழைய படகு வாங்குகிறவர்கள் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரின் கட்டணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். எங்கள் சர்வேயர் படகைக் கரையேற்றி, அடிப்பகுதி முழுவதையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒலி கேட்டார். ஈரமானியை வைத்துக் கண்ணாடியிழைக்குள் நீர் ஊறியிருக்கிறதா என்று அளந்தார். சில இடங்களில் சிறு கொப்புளங்கள் இருந்தன. வயதான படகுகளில் வழக்கமானதுதான், அந்த இடங்களைக் காயவைத்து எபாக்ஸி பூசினோம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பார்வைக்கு நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனாலும் அவற்றின் வயதைக் காட்டும் ரசீது எதுவும் இல்லாததால் முழுவதையும் மாற்றினோம். வாங்கிய விலைக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு அதுதான்.

பொருத்திய கருவிகளில் முதல் இடம் ஹைட்ரோவேனுக்கு. காற்றின் திசையைப் பிடித்துத் தானே படகைச் செலுத்தும் விண்ட்வேன் அது. ஒரு துளி மின்சாரம் கேட்காது. மற்ற பல விண்ட்வேன்கள் படகின் சக்கரத்தைக் கயிற்றால் இழுத்துத் திருப்பும். இதற்கோ பின்புறத்தில் தனிச் சுக்கான் உண்டு. எங்களுடையதைப்போல் காக்பிட் நடுவில் உள்ள படகில் பின்னாலிருந்து சக்கரம்வரை கயிறு ஓட்டும் தொல்லை இல்லை. முதன்மைச் சுக்கான் உடைந்தாலும் மாற்று ஒன்று தயாராக இருக்கிறது. இருவர் மட்டும் போகும் படகில் இது மூன்றாவது ஆள். சாப்பிடாது, தூங்காது, நடுநிசியில் முணுமுணுக்காது.

நங்கூரச் சங்கிலிக்கு 10 மில்லிமீட்டர் போடச் சொன்னார்கள் பலர். நாங்கள் 8 மில்லிமீட்டரே போட்டோம். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல். அறுபது மீட்டர் என்றால் அத்தனை பாரமும் படகின் மூக்கில் உட்காரும். அந்த எடையை நங்கூரத்துக்குக் கொடுத்து, ஒரு அளவு பெரிய ரோக்னா வகை நங்கூரம் வாங்கினோம். இதுவரை எந்த விரிகுடாவிலும் அது இழுபடவில்லை.

ஆள் விழுந்தால் தூக்கும் பயிற்சியைச் தென்கரையின் சோலன்ட் நீரிணையின் அமைதியான மூலைகளில் திரும்பத் திரும்பச் செய்தோம். நனைந்த உடையோடு ஒருவரைக் கையால் தூக்கவே முடியாது. பாயை ஏற்றும் கயிற்றில் கப்பிகளைக் கோத்து வின்ச்சில் சுற்றினால் நான் தனியாகவே அவரைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். அது கை வந்த பிறகுதான் கிளம்பும் நாளைப் பற்றிப் பேசவே தொடங்கினோம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: சூரியத் தகடுகளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் போதும். அதிகம் தின்பது குளிர்பெட்டி.

இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து ஸ்பெயினின் லா கொருன்யாவுக்கு ஏறத்தாழ 440 கடல் மைல், பிஸ்கே விரிகுடா வழியாக. அங்கே கடலடி சில நூறு மீட்டரிலிருந்து நாலாயிரம் மீட்டருக்கும் கீழே சரிகிறது. மேற்கிலிருந்து உருண்டு வரும் அலை அந்த விளிம்பில் செங்குத்தாக எழும். அதனால் நல்ல வானிலை முன்னறிவிப்புக்காகத் துறைமுகத்திலேயே காத்திருந்தோம். இன்னொரு கணக்கும் இருந்தது. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். கேனரித் தீவுகளும் ஸ்பெயின் கணக்கில்தான் வரும். ஸ்பெயின், போர்ச்சுகல் கரையில் நிதானமாக ஊர் ஊராகப் போக நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கரையில் 2020 முதல் ஓர்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்துவருகின்றன. கரையை ஒட்டி, ஆழம் குறைந்த நீரிலேயே பகலில் ஓட்டினோம். மீன்வலை மிதவைகளைத் தவிர்ப்பது கண்ணுக்கு வேலைதான், ஆனால் ஓர்காவைப் பார்க்கவில்லை.

சமையலுக்கு பிரஷர் குக்கரைவிட நல்ல கடல் பாத்திரம் கிடையாது. எரிவாயு மிச்சம், பூட்டிய மூடி என்பதால் படகு சாய்ந்தாலும் கொதிநீர் கொட்டாது. சோற்றுக்கு ஒரு பங்கு கடல்நீர், இரண்டு பங்கு நன்னீர் வைத்தால் உப்பும் சரியாக வரும். புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில், பருப்புப் பொடி, வறுத்த ரவை. அலை ஓங்கிய நாள்களில் இவை மூன்றும்தான் எங்களைக் காப்பாற்றின. முட்டையைக் குளிர்பெட்டியில் வைக்காத கடையில் வாங்கி, சில நாளுக்கொரு முறை புரட்டி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். அட்டைப்பெட்டியை மட்டும் படகுக்குள் ஏற்றவே கூடாது. கரப்பான் முட்டைகள் அதன் மடிப்புகளில்தான் வரும்.

கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கேப் வெர்டேயின் மிண்டெலோவுக்கு இறங்கி, அங்கிருந்து பார்படோஸுக்கு ஏறத்தாழ 2000 கடல் மைல் போனோம். காற்று முழுக்கப் பின்னாலிருந்துதான். படகு ஓயாமல் இடமும் வலமும் உருளும். இந்த மாடலும் விலக்கல்ல. இரண்டு முன்பாய்களைக் கழி கொடுத்து இருபுறமும் விரித்தபோது ஆட்டம் ஓரளவு அடங்கியது. பெரிய பாயை இறக்கிவிட்டதால் இரவில் நான் செய்ய வேண்டியது ஃபர்லர் கயிற்றை இழுத்துப் பாய்களைச் சுருட்டுவது ஒன்றுதான். மழையோடு பலத்த காற்று திடீர் திடீரென்று வரும் அந்தக் கடலில், அவர் தூக்கம் கலையாமலே பல முறை அதைச் செய்தேன். கயிறு உரசித் தேயும் இடங்களுக்குத் தினமும் ஒரு சுற்று, கையில் டார்ச்சோடு.

இப்போது கிரெனடாவில் நங்கூரமிட்டிருக்கிறோம். ஜூனில் சூறாவளிப் பருவம் தொடங்கும் முன் ட்ரினிடாட்டின் சாகுவாராமஸில் படகைக் கரையேற்றி அடிவண்ணம் பூச வேண்டும். ஊசலாடும் அடுப்பின் தாங்கிகள் தேய்ந்துவிட்டன, அவற்றையும் மாற்ற வேண்டும். குளிர்பெட்டியைச் சுற்றிக் காப்புப் பலகை தடிமனாக வைத்தால் மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்று அவர் அளந்துகொண்டிருக்கிறார்.