429 கோடியில் தடுமாறும் எண்கள்: எஸ்.என்.எம்.பி.யில் எந்த வழி நம்பகமானது?

ஒரு கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் தரவு ஓடிக்கொண்டிருக்கிறது. வலைப்பின்னல் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி. வழியாக, கடந்துபோன பைட்டுகளை எண்ணிவைக்கும் 32 பிட் கவுன்ட்டரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்து அதை அளந்தால், வரைபடம் 85 மெகாபிட் என்று காட்டும். அதே இணைப்பில் 120 மெகாபிட் ஓடினால் வரைபடம் காட்டுவது ஐந்தரை மெகாபிட்தான்.

கணக்கு எளியது. 200 மெகாபிட் வேகத்தில் 300 விநாடிகளுக்கு 750 கோடி பைட்டுகள் கடந்து செல்லும். 32 பிட் கவுன்ட்டர் 4,294,967,295 வரைதான் எண்ணும். அடுத்த பைட்டில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே 429 கோடி காணாமல்போய், மீதமுள்ள 320 கோடி மட்டும் கணக்கில் ஏறுகிறது. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் இந்தப் பிழை பல வாரங்கள் யார் கண்ணிலும் படவில்லை. இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று பயனாளர்கள் புகார் சொன்னபோதெல்லாம், பாதிகூட நிரம்பவில்லையே என்று வரைபடத்தைக் காட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். எண் வரவே இல்லை என்றால் தேடத் தொடங்கியிருப்போம். நம்பும்படியான தவறான எண் வந்ததால் தேடவில்லை. அன்றிலிருந்து பெரிய எண்களைக் கையாளும் எந்த வழியைப் பார்த்தாலும், அது தவறும்போது வெளிப்படையாகத் தவறுகிறதா, ஓசையில்லாமல் தவறுகிறதா என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

எஸ்.என்.எம்.பி. 1988-இல் வெளியானபோது 10 மெகாபிட் ஈதர்நெட்டே பெரிய வேகம். அந்த வேகத்தில் முழுமூச்சாக ஓடினாலும் 32 பிட் கவுன்ட்டர் ஒரு சுற்றை முடிக்க 57 நிமிடங்கள் ஆகும். சிறிய நினைவகமும் மெதுவான செயலியும் கொண்ட கருவிகளுக்கு அந்த அளவு போதும் என்று முடிவெடுத்ததில் தவறில்லை. வேகம் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று வளர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. 100 மெகாபிட்டில் ஒரு சுற்றுக்கு 5.7 நிமிடங்கள், 1 கிகாபிட்டில் 34 விநாடிகள், 10 கிகாபிட்டில் மூன்றரை விநாடிக்கும் குறைவு.

அடிக்கடி படிப்பதா, அகலமான கவுன்ட்டரா?

இந்த இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. பழைய மின்சார மீட்டர் 99999-ஐக் கடந்து 00000-க்கு வருவதைப் போலத்தான் இதுவும். இரு கணக்கெடுப்புகளுக்கு இடையில் மீட்டர் பூஜ்யத்தைக் கடந்திருந்தாலும், ஓடியது ஒரு முழுச் சுற்றுக்குக் குறைவு என்றால் கழித்துச் சரிசெய்துவிடலாம். ஒரு முழுச் சுற்றைத் தாண்டி ஓடியிருந்தால் அதை அறிய வழியே இல்லை. ஆகவே சுற்று முடிவதற்குள் மறுபடியும் படித்துவிடுவது முதல் வழி. கருவியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டும் தெரிந்த கருவிக்கும் இது பொருந்தும்.

ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. 5 நிமிட இடைவெளியில் 100 மெகாபிட் இணைப்பை அளந்தால் மிச்சம் 43 விநாடிகள். 30 விநாடி இடைவெளியில் கிகாபிட் இணைப்பை அளந்தால் மிச்சம் 4 விநாடிகள். எஸ்.என்.எம்.பி. பெரும்பாலும், செய்தி போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத யூ.டி.பி.யில் பயணிப்பதால் ஒரு பதில் வழியில் தொலைந்துபோவது இயல்பு. தொலைந்த அந்த ஒரு பதில் இடைவெளியை இரட்டிப்பாக்கும். கணக்கு மறுபடியும் ஓசையில்லாமல் தவறும். இன்னும் வேகமாகப் படிக்கலாம் என்றால், சில கருவிகள் தங்கள் கவுன்ட்டர்களைச் சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கின்றன. அதனால் வரைபடம் ரம்பப் பல்லாகிவிடும். 100 மெகாபிட் வரை நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பது நல்ல வழி. அதற்கு மேல் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றொன்று கவுன்ட்டர்64 என்ற 64 பிட் வகை. எஸ்.என்.எம்.பி. மதிப்புகளின் வகைகளை வரையறுக்கும் எஸ்.எம்.ஐ. விதிகளின் இரண்டாம் பதிப்போடு 1993-இல் வந்தது. ஒரு டெராபிட் இணைப்பு இடைவிடாமல் ஓடினாலும் இது சுற்றி வர ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2000-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2863 என்ற இணையத் தர ஆவணம், 20 மெகாபிட்டைத் தாண்டும் இணைப்புகளுக்கு 64 பிட் பைட் கவுன்ட்டரைக் கட்டாயமாக்குகிறது. 650 மெகாபிட்டும் அதற்கு மேலும் என்றால் பாக்கெட் கவுன்ட்டரும் 64 பிட்டாக இருக்க வேண்டும்.

அப்படியிருந்தும் 32 பிட் வரைபடங்கள் ஏன் நீடித்தன? கவுன்ட்டர்64 என்ற வகையே முதல் பதிப்பின் செய்திக்குள் கிடையாது என்பதுதான் காரணம். முதல் பதிப்பில் கேட்டால், கருவி அந்த மதிப்புகளைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். பெயர் சொல்லிக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். பார்ப்பவருக்குக் கருவியில் 64 பிட் கவுன்ட்டரே இல்லை என்று தோன்றும். கேட்ட பதிப்புதான் பழையது. வரைபடம் வரையும் மென்பொருளான எம்.ஆர்.டி.ஜி.யில் இலக்கு வரியின் கடைசியில் ஐந்து முக்காற்புள்ளிகளும் ஒரு 2-உம் சேர்த்தால் இரண்டாம் பதிப்பில் கேட்கும். அந்தச் சிறு குறிப்பு விடுபட்டதால் பொய் சொன்ன வரைபடங்கள் எத்தனையோ. பாதுகாப்பு குறையுமோ என்று தயங்கவும் தேவையில்லை: முதல் பதிப்பிலும், 2சி எனப்படும் இரண்டாம் பதிப்பிலும், கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி சொல் ஒரே மாதிரி மறைப்பின்றித்தான் போகிறது. பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்றாம் பதிப்புக்குத்தான் போக வேண்டும்.

அகலமான கவுன்ட்டரின் இன்னொரு நன்மையை அதிகம் பேர் பேசுவதில்லை. 32 பிட் கவுன்ட்டரின் மதிப்பு திடீரெனக் குறைந்தால் அது சுற்றி வந்ததா, கருவி மறுபடி தொடங்கியதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கருவி தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த நேரமும் விநாடியில் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில்தான் எண்ணப்படுகிறது; 497 நாட்களில் அதுவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 64 பிட் கவுன்ட்டர் குறைந்தால் அநேகமாக ஒரே பொருள்தான்: மறுதொடக்கம். அதைச் சுற்று என்று எடுத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்றைக் கூட்டும் மென்பொருள் வானளாவிய ஊசிமுனை ஒன்றை வரைந்துவிடும். அளவுகளைச் சேமித்து வரைபடமாக்கும் ஆர்.ஆர்.டி.டூலில் கவுன்ட்டர் வகைக்குப் பதிலாக டெரைவ் வகையைத் தேர்ந்து குறைந்தபட்சத்தைப் பூஜ்யமாக வைத்தால் அந்த ஓர் அளவு விடுபடும். மற்றவை சரியாக இருக்கும். விடுபட்ட இடம் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு அதுவே போதும்.

அலகை மாற்றுவது

ஏறிக்கொண்டே போகாமல், ஓர் அளவைச் சொல்லும் எண்களுக்கு இது நேர்த்தியான தீர்வு. இணைப்பின் வேகத்தைச் சொல்லும் பழைய மதிப்பு பிட் கணக்கில் இருப்பதால் 10 கிகாபிட் இணைப்பும் 4,294,967,295 என்றுதான் காட்டும். புதிய மதிப்போ பத்து லட்சம் பிட்டை ஓர் அலகாகக் கொண்டு 10000 என்று சொல்லிவிடுகிறது. வட்டின் கொள்ளளவில் இதே உத்தி சற்று வழுக்குகிறது. அங்கே எண் கூட்டல், கழித்தல் குறியுடன் கூடிய 32 பிட்; குறிக்கே ஒரு பிட் போய்விடும். 4096 பைட் அலகில் 8 டெராபைட்டோடு எல்லை முடிந்துவிடும். கருவியில் இருந்து பதில் சொல்லும் மென்பொருளான நெட்-எஸ்.என்.எம்.பி. 16 டெராபைட் வட்டுக்கு அலகை 8192 என்று தானே மாற்றிச் சொல்லி, பெருக்குத்தொகையைச் சரியாக வைக்கிறது. ஆனால் அலகை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் கண்காணிப்பு மென்பொருள், வட்டை விரிவாக்கிய மறுநாள் உண்மையான கொள்ளளவில் பாதியைத்தான் காட்டும். அலகையும் எண்ணையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டாகப் பிரிப்பதும் எழுத்தாக அனுப்புவதும்

எண்ணின் மேல் பாதியை ஒரு 32 பிட்டிலும் கீழ்ப் பாதியை இன்னொன்றிலும் வைப்பது முதல் பதிப்போடும் ஒத்துப்போகும். நெட்-எஸ்.என்.எம்.பி. வட்டின் அளவை இப்படியும் தருகிறது. மெதுவாக மாறும் எண்ணுக்குக் குறையில்லை. விரைவாக ஓடும் கவுன்ட்டரில், மேல் பாதியைப் படித்த பிறகு கீழ்ப் பாதி சுற்றிவிட்டால் விடை 429 கோடி தவறிவிடும். மேல், கீழ், மறுபடியும் மேல் என்று மூன்று முறை படித்து ஒப்பிட வேண்டும். வேறு வழியில்லாதபோது மட்டும் இதை எடுக்கலாம்.

எழுத்துச் சரமாக அனுப்புவதை முன்பு நான் வெறுத்தேன்: வகை தெரியாது, வரைபட மென்பொருள் அதை எண்ணாக ஏற்காது. இப்போது அந்த அளவுக்கு எதிர்ப்பில்லை. வலைப்பின்னல் கருவிகளின் தரவை வடிவமைக்கும் மொழியான யாங்கின் தரவை, ஜேசான் என்ற எழுத்து வடிவில் எழுதும் முறையை வகுத்த 2016-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 7951, 64 பிட் எண்களைச் சரமாகவே எழுதச் சொல்கிறது. மிதவைப் புள்ளியில் எண்களை வைக்கும் மொழிகள் 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் முழு எண்களைத் துல்லியமாகத் தாங்காது என்பதே அதற்குக் காரணம். ஆனால் அங்கே விதி எழுதப்பட்டிருக்கிறது, இரு பக்கமும் அறியும். பழைய கருவிகளின் சரங்களுக்கு அப்படி ஒரு பொது விதி இல்லை.

என் தேர்வு கவுன்ட்டர்64 என்றாலும் ஒரு சோதனை இல்லாமல் அதை நம்புவதில்லை. பழைய 32 பிட் லினக்ஸின் உட்கருவான கெர்னலில் இணைப்பின் கவுன்ட்டரே 32 பிட்தான், கருவியில் ஓடிப் பதில் தரும் நெட்-எஸ்.என்.எம்.பி. ஏஜென்ட் சுற்றுகளைத் தானே எண்ணி 64 பிட்டாக நீட்டித் தந்தது. வெளியே 64 பிட் வகை, உள்ளே அதே பழைய சுற்று. ஆகவே புதிய கருவியைச் சேர்த்ததும் உள்வரும் பைட்டுகளின் 64 பிட் கவுன்ட்டர் இருக்கும் 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற கிளையை 2சி-யில் கேட்டு, போதுமான தரவை ஓடவிட்டு, மதிப்பு 4,294,967,296-ஐக் கடந்து மேலே ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதன் வரைபடத்தை மற்றவர்களுக்குக் காட்டுகிறேன்.