கிராபிக்ஸ் கார்டு மாற்றியாயிற்று, எந்த எஸ்.எம்.பி.எஸ். தாங்கும்?

புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினி சாதாரண வேலைக்கு ஒழுங்காக ஓடுகிறது. கேம் தொடங்கியதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. தண்டையார்பேட்டை, கொளத்தூர் பக்கம் சர்வீஸ் கடையில் கேட்டால் மூன்று வழிகள் சொல்வார்கள்: பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) பழுதுபார்ப்பது, மலிவான ‘450 வாட்’ யூனிட்டை வாங்குவது, 80 பிளஸ் சான்றுள்ளதை வாங்குவது.

காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து விசிறி சுற்றினாலே யூனிட் நன்றாக இருப்பதாகப் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் அந்தச் சோதனை சாட்சி; சுமை தாங்குமா என்பதற்கு அல்ல. கேம் ஓடும்போது 12 வோல்ட் தரும் மஞ்சள் வயரில் மல்டிமீட்டர் 11.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ்.தான்.

ராயபுரம், காசிமேடு வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து விசிறியையும் இணைப்புகளையும் கெடுக்கின்றன. உப்பிய கெப்பாசிட்டரை (மின்சாரத்தைத் தேக்கும் உதிரிபாகம்) மாற்றினால் பழைய யூனிட் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதன் திறன் கூடப்போவதில்லை. பில் போடும் கணினிக்கு அது போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம் என்பதால், மூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவருடையது.

மலிவு யூனிட்டில் பெட்டியின் மேலுள்ள எண்ணை மறந்துவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 192 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டும் 170 வாட் கேட்கும். ஐ5-12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். கணக்கு அங்கேயே உதைக்கிறது. கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பு இல்லையென்றால் கடைக்காரர் ஓர் அடாப்டரை நீட்டுவார். வாங்காதீர்கள், மெல்லிய வயர் சூடேறி உருகலாம்.

என் ஓட்டு மூன்றாவதான 80 பிளஸ் யூனிட்டுக்கு. அந்த 3060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். 80 பிளஸ் என்பது மின்சாரம் வீணாகாததற்கான சான்று மட்டுமே. அதிக மின்னோட்டப் பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியே கேளுங்கள். பழைய மாடுலர் யூனிட்டின் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. பின் வரிசை மாறியிருந்தால் ஹார்டு டிஸ்க் போய்விடும். கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் கணினி அணைந்தால் புதிய யூனிட்டைத் திட்டாதீர்கள்: மலிவு யு.பி.எஸ்.ஸின் படிக்கட்டு அலை (சீரான வளைவாக இல்லாமல் படிப்படியாக ஏறி இறங்கும் மின்சாரம்) 80 பிளஸ் யூனிட்டுகள் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பணம் இடித்தால் மலிவு யூனிட்டுக்குப் போவதைவிடக் கார்டைச் சிறிதாக்குவது மேல். தனி மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாடல்கள் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடிவிடும்.