6 வருஷம் ஜெபம் விட்டுப்போன எனக்கு இந்த பைபிள் சங்கீதம் ஆடியோ ஆப் (4 ஸ்டார்)

முதல்லயே சொல்லிடுறேன், விசுவாசத்துல நல்லா இருக்கும்போது நான் இத டவுன்லோட் பண்ணல. 6 வருஷமா ஜெபமே இல்ல. பெருசா எதுவும் நடந்து விட்டுப்போகல, முதல்ல காலை ஜெபம் நின்னுச்சு, அப்புறம் ராத்திரி, அப்புறம் ஆராதனைல எல்லாரும் கண்ண மூடியிருக்கும்போது நான் மட்டும் தொறந்து வச்சுட்டு, யார்கிட்ட பேசுறோம்னே தெரியலையேன்னு உக்காந்திருப்பேன். வெளிய சொன்னா பின்மாற்றம், அதாவது விசுவாசத்த விட்டு விலகிட்டதா சொல்லிடுவாங்கன்னு பயம் வேற.

ஒரு ராத்திரி தூக்கம் வரல, ஏதாவது ஒரு குரல் கேட்டா போதும்னு தான் போட்டேன். 150 சங்கீதமும் தனித்தனியா இருக்கு, நெட் இல்லாமலும் ஓடுது. வாசிக்கிறவர் பிரசங்கம் மாதிரி குரல உயர்த்தாம, பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி வாசிக்கிறார், அதுக்கே தனியா நன்றி சொல்லணும்.

ஷஃபில்ல வந்தது 13ம் சங்கீதம். மொத்தமே 6 வசனம், முதல் ரெண்டுலயே "எதுவரைக்கும்"னு நாலு தடவ கேக்குறார் அதப் பாடின தாவீது ராஜா. நான் எழுந்து உக்காந்துட்டேன். சின்ன வயசுல 23, 91, 121 எல்லாம் மனப்பாடம், ஆனா ஆண்டவர்கிட்ட இப்படியும் கேக்கலாம்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. அடுத்து 73 கேட்டேன், ஆலயத்துல பாடுறவங்களுக்கே தலைவரா இருந்த ஆசாப், கெட்டவங்க நல்லா வாழ்றாங்களே, நான் சுத்தமா இருந்து என்ன பிரயோஜனம்னு கேக்குறார். 88 இன்னும் கஷ்டம், கடைசில கூட விடியாது, தெரிஞ்சவங்க எல்லாம் மறைஞ்சு போனாங்கன்னு சொல்லி அப்படியே நின்னுடும். ஆனா அதையும் அந்த சங்கீதத்த பாடினவர் ஆண்டவரப் பாத்து தானே சொல்றார், வேற யார்கிட்டயும் இல்லையே, அங்க தான் நான் உடைஞ்சு அழுதேன்.

நம்பிக்கை முழுசா வந்தப்புறம் தான் ஜெபம் பண்ணணும்னு இத்தன வருஷம் காத்திருந்திருக்கேன். பைபிள்ல மாற்கு 9ல, ஊமை ஆவி பிடிச்ச ஒரு பையனோட அப்பா இயேசுகிட்ட விசுவாசிக்கிறேன்னும் சொல்றார், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்னும் சொல்றார், ரெண்டும் ஒரே மூச்சுல. இயேசு அவர திருப்பி அனுப்பல, பையனுக்கு சுகம் கிடைச்சுது. இப்ப நாலு மாசமா ஜெபம் பண்றேன், சில நாள் ரெண்டு வரி தான், கேள்விகள்ல பாதி அப்படியே இருக்கு, அதையும் அவர்கிட்டயே கேக்குறேன்.

ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னா, தொடர்ந்து எத்தன நாள் கேட்டீங்கன்னு ஒரு எண்ணிக்கை காட்டுறாங்க, ஒரு நாள் விட்டா பூஜ்யத்துக்கு வந்துடும். திரும்பி வர்றவங்கள இத விட வேகமா விரட்ட முடியாது, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. "சோர்வான நேரத்துக்கு"ன்னு ஒரு பிளேலிஸ்ட் இருக்கு, அதுல 88 இல்ல, 13ல கடைசி ரெண்டு வசனம் மட்டும் வெட்டிப் போட்டிருக்காங்க. முதல் நாலு வசனம் இல்லாம அந்தப் பாட்டு எங்கிருந்து வரும்? 119ல 176 வசனம், நடுவுல நிறுத்துனா திரும்ப முதல்ல இருந்து ஓடுது, அதையும் பாருங்க.

புதுசா போடுறவங்க செட்டிங்ஸ்ல பேக்ரவுண்ட் மியூசிக்க ஆஃப் பண்ணிடுங்க. பிளேலிஸ்ட் பக்கம் போகாம நேரா 88 போடுங்க, ஹெட்செட்ல, தனியா இருக்கும்போது.