சந்தை மாட்டின் உண்ணிக்கு எது சரி: ஊசியா, தெளிப்பா, மூலிகையா, தடுப்பூசியா?

சென்னையில் மாடு வைத்திருப்பவர்கள் புதுக் கறவையை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையிலோ ஆந்திரத்திலோ வாங்கி லாரியில் ஏற்றி வருகிறார்கள். கூடவே உண்ணியும் வரும். உண்ணி பரப்பும் நோய் புது ஊருக்குள் நுழையும் வழியே பெரும்பாலும் இதுதான். ‘மாட்டு உண்ணி’ என்ற இனம் 2000-களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதும் பிரேசிலிலிருந்து இறக்கிய மாடுகளோடுதான்.

ஐவர்மெக்டின் ஊசி சுலபம், குடல் புழுவும் சேர்ந்து போகும். ஆனால் மருந்து பாலில் இறங்கும். பால் ஊற்றிப் பிழைப்பவர் இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் தெளிப்பு மலிவு. கோளாறு தெளிக்கும் விதத்தில். அளவைக் குறைத்துக் கலக்கி முதுகை மட்டும் நனைப்பார்கள். உண்ணி இருப்பதோ காதிலும் வாலடியிலும் மடி இடுக்கிலும். இப்படி அரைகுறையாக அடித்தடித்தே மருந்துக்கு அசையாத உண்ணிகள் பெருகுகின்றன. டெல்டாமெத்ரினுக்கு அது இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. இன்னொன்று, மாட்டு உண்ணி சுமார் 3 வாரம் ஒரே மாட்டின் மேல் வளர்ந்து, தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இது பரப்பும் பபீசியா என்ற ரத்த நோய்க் கிருமி அந்த முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். தைலேரியா என்ற இன்னொரு ரத்த நோயைப் பரப்பும் ஹயலோமா என்ற வேறு இன உண்ணி சுவர் விரிசலில் பதுங்கும். கொட்டகையை விட்டுவிட்டு மாட்டுக்கு மட்டும் அடித்தால் பாதி வேலைதான்.

வசம்பு, வேப்பிலை, பூண்டு, மஞ்சள், துளசி அரைத்துப் பூசுவது கறவைக்குப் பயமில்லாத வழி. உண்ணி கொஞ்சமாக இருந்தால் சரி. அப்பிக்கொண்டு வந்த சந்தை மாட்டுக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

தைலேரியா தடுப்பூசியான ரக்ஷாவாக்-டி கலப்பினக் கன்றுகளுக்கு நல்ல காப்பு. ஆனால் அதைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் கொண்டுவர வேண்டும், பபீசியாவைத் தடுக்காது, உண்ணியையும் கொல்லாது. நாட்டு மாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். காங்கேயம் மாடு தாங்கும், உண்மை. அதற்காக உண்ணியைச் சுமக்காது என்றில்லை.

என் ஓட்டு தெளிப்புக்கு, இரண்டு நிபந்தனைகளோடு: புது மாட்டை 3 வாரம் தனியே கட்ட வேண்டும், சுவர் விரிசலைப் பூசி அடைக்க வேண்டும். அதற்குள் காய்ச்சலோடு நிணநீர்க் கட்டி வீங்கினால் தைலேரியாவாக இருக்கலாம், மூத்திரம் காபி நிறத்தில் போனால் பபீசியாவாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு: முன்னதுக்கு புபார்வகுவோன், பின்னதுக்கு டிமினசீன். அதனால் கைக்குக் கிடைத்த ஊசியைப் போடாமல், முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.