செம்புக் குடமும் கல்லடிக் கிணற்றுத் தண்ணியும்

"செம்புக் குடம் வாங்கலாமா?" என்று கேட்கிறவர் முதலில் தன் கிணற்றுத் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். விலையும் கனமும் அதற்குப் பிறகு. மூன்று வருடப் பாவனையில் ஐந்து லீற்றர் குடம் எங்கும் ஒழுகவில்லை, நசுங்கவுமில்லை. ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. காரணம், உள்ளே தண்ணி நிற்கும் மட்டத்தில் விழுகிற பச்சை வளையம்.

களிம்பு. சைவ சித்தாந்தம் உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்கு இதைத்தான் உவமை சொல்கிறது, கூடவே பிறந்தது என்று. தேய்க்கிற கைக்கு அது நன்றாகவே விளங்கும்.

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறு புறம் வாவி, நடுவில் மணல். மாரியில் கிணறு இனிக்கும். ஆடி, ஆவணியில் உவர் ஏறும். உப்பிலுள்ள குளோரைட்டு, செம்பின் மேல் தானாகப் படியும் காப்புப் படலத்தைத் தின்றுவிடுகிறது. வளையமாக விழுவது ஏனென்றால், காற்றும் தண்ணியும் சந்திக்கிற விளிம்பில் ஈரம் ஆவியாகி உப்பு செறிகிறது. பாதிக் குடத்தை இரண்டு நாள் வைத்தால் வளையம் நிச்சயம். கழுத்து வரை நிரப்பி, இரவு வைத்து, காலையில் முழுதாக வார்த்து, உள்ளே துணியால் துடைத்துக் கவிழ்த்தால் தொல்லை குறையும். குறையுமே தவிர நிற்காது.

வெள்ளம் வடிந்து கிணற்றுக்குப் பிளீச்சிங் தூள் போட்ட வாரத்தில் குடத்தை எடுக்கவே வேண்டாம், கறுத்துவிடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குழாயில் வரும் வீடுகளுக்கு உவர்க் கவலை இல்லை. குளோரின் மணம் வந்தால், திறந்த வாளியில் சில மணி நேரம் விட்டு ஊற்றலாம்.

கழுவ, பாதித் தேசிக்காயும் ஒரு தேக்கரண்டி உப்பும், இல்லையென்றால் பழப்புளி. தும்பால் தேய்த்து மூன்று நிமிடம் போதும். இரும்புக் கம்பிச் சுருள் கீறும். கீறலுக்குள் களிம்பு குடியேறும். பலரும் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான். பளபளத்ததும் ஒரு தரம் அலசிவிட்டுப் போவார்கள். மிச்சம் நின்ற புளிப்பும் உப்பும் அடுத்த நாளே புதுக் களிம்பைக் கொண்டுவரும். ஒரு லீற்றர் தண்ணியில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அலசி, நல்ல தண்ணியில் இரண்டு தரம் கழுவி, அப்போதே துடைக்க வேண்டும்.

வாங்கும்போது காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் அடியில் லேசாகச் சுரண்டுங்கள்: மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளை தெரிந்தால் வெறும் முலாம். புதுக் குடத்தின் மினுக்கம் பல வேளை வார்னிஷ் பூச்சு. அது உள்ளேயும் இருந்தால் தண்ணி செம்பைத் தொடவே தொடாது. சோடா கலந்த கொதிநீரில் ஊறவைத்தால் உரியும்.

மோர், தேசிக்காய்த் தண்ணி, புளிக்கறி இதில் ஆகாது. புளிப்பு செம்பைக் கரைத்து வயிற்றைப் புரட்டும். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் செம்புதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அந்தக் காலத்துச் சமையல் செம்புக்கு நவச்சாரம் தூவி, சூட்டில் ஈயம் பூசியது இதனால்தான். அந்த ஈயம் வெள்ளீயம். 232 பாகை செல்சியசில் உருகுவதால் வெறுஞ்சட்டியை அடுப்பில் வைத்தால் பூச்சு வழிந்துவிடும். ஒழுக்கு அடைக்கக் கொடுக்கும்போது உருக்கி ஒட்டும் பற்றாசில் காரீயம் இல்லையா என்று கட்டாயம் கேளுங்கள், காரீயம் நஞ்சு.

நல்லதையும் சொல்லவேண்டும். இரவு முழுக்க செம்பில் நின்ற தண்ணியில் கிருமி குறைவது ஆய்வுகூடத்தில் கண்டது, கதையல்ல. அதற்காகக் கொதிக்க வைப்பதை விட்டுவிட முடியாது. குளிர்ச்சி மட்டும் வெறும் பேச்சு. மண் குடம்தான் கசிந்து ஆவியாகிக் குளிரும். நசுங்கினால் தட்டி எடுக்கலாம், கிழிந்தாலும் பழைய செம்புக்குக் கிலோக் கணக்கில் காசு.

ஆக, உவர்க் கிணற்றுக்காரர் வாங்க வேண்டாம், மண் குடமே போதும். இந்தக் குடத்தை விலைக்குக் கேட்டும் வரவேண்டாம், கொடுக்கிற எண்ணம் இல்லை.